டென்வரைத் தொடாத வழி

ஒரு மலையைத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. எனக்குப் பெண் பார்த்து முடித்ததுகூட இரண்டே வாரத்தில்தான். தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஜூலையில் எனக்கும் மனைவிக்கும் ஒரே சமயத்தில் ஒரு வாரம் லீவு கிடைத்திருந்தது. அந்த வாரம் முழுக்க ஏதாவது ஓர் உயரமான மலையில் சைக்கிள் ஓட்டுவது என்று முடிவு செய்தோம். எந்த மலை என்பதுதான் கேள்வி.

சைக்கிள் எங்கள் வீட்டுக்குள் வந்ததே அவளால்தான். அவள் அமெரிக்கா வந்த புதிதில் வேலைக்குப் போக விசா இல்லை; கார் ஓட்டப் பயம். கலிபோர்னியாவில் நாங்கள் இருந்த லிவர்மோரில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றவர்களிடம் ஒரு சைக்கிளை வாங்கினாள். பொள்ளாச்சியில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனவள் அவள். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் லைப்ரரி, காய்கறிக் கடை, போஸ்ட் ஆபீஸ் எல்லாம் ஒரு சுற்று முடித்துவிடுவாள். பிறகு அவளுக்கு வேலை கிடைத்தது, காரும் ஓட்டினாள், ஆனால் சைக்கிளை விடவில்லை. எனக்கு வயிறு முன்னால் வந்ததும் டாக்டர் முறைத்ததும்தான் என்னையும் இதில் இழுத்துவிட்டன. என் பக்கத்து மேஜை அமெரிக்கர் ஒருவர், தார் ரோட்டில் ஓட்டுவதெல்லாம் ஓட்டுவதாகுமா என்று கேட்டு, தடித்த டயரும் முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் வைத்த மலைச் சைக்கிள்களை எங்களை வாங்க வைத்தார்.

லிவர்மோரைச் சுற்றியுள்ள குன்றுகள் பிப்ரவரியில் பச்சையாக இருக்கும். மே மாதம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். சனிக்கிழமைகளில் அங்கேதான் பழகினோம். ஏற்றத்தில் அவள் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போவாள். நான் ஊரில் உள்ள தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் வருவேன். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஒரே ஆள் அந்தப் பக்கத்தில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

ஒருநாள் சைக்கிள்களைக் காரின் பின்னால் கட்டியபடியே கோயிலுக்குப் போய்விட்டோம். பார்க்கிங் லாட்டில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அங்கிள், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஊரில் இருந்தபோது சைக்கிளில் போனோம், கஷ்டப்பட்டு ஸ்கூட்டர் வாங்கினோம், கடல் தாண்டி வந்து கார் வாங்கினோம், நீங்கள் என்னடாவென்றால் அந்தக் காரின் முதுகிலேயே சைக்கிளை ஏற்றி வந்திருக்கிறீர்களே என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவள் சிரித்துவிட்டு, பிரசாதப் புளியோதரையை இன்னொரு தொன்னை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏற்றத்துக்கு அது நல்ல பெட்ரோலாம்.

போகும் இடங்களாக ஐந்து பெயர்கள் சேர்ந்தன. முதலாவது லேக் டாஹோ. மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் விடுமுறையில் எங்கள் பே ஏரியா தமிழ்க் கூட்டமே அங்கேதான் இருக்கும். நாங்கள் சைக்கிளை இறக்குவதற்குள் யாராவது தயிர்சாத டப்பாவோடு வந்து எந்த ஊர் என்று கேட்பார்கள். மாமத் மலையில் கோடையில் சைக்கிளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போய் மேலே விடுவார்கள் என்றார்கள். ஏறாமல் இறங்குவதில் அவளுக்கு இஷ்டமில்லை. யூட்டாவில் ஒன்று, ஐடஹோவில் ஒன்று. ஐந்தாவது கொலராடோ.

கொலராடோவைச் சொன்னவர் அதே பக்கத்து மேஜைக்காரர். கிரெஸ்டட் பியூட் என்று ஒரு சின்ன ஊர். ஊரே ஒன்பதாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியைவிட உயரத்தில் ஒரு கடைத்தெரு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மலைச் சைக்கிள்காரர்களுக்கு அது காசி மாதிரி. ஜூலையில் அந்தச் சரிவுகள் முழுக்கக் காட்டுப் பூக்கள். இடுப்பளவு பூக்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஒருவர் சைக்கிளில் போகிற படத்தை அவர் கொடுத்தார். அவள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். தினமும் பால் எடுக்கும்போது நான் பார்க்க வேண்டியிருந்தது.

கொலராடோவில் எனக்கு ஒரே ஒரு சங்கடம்தான். டென்வரில் என் அண்ணன் இருந்தார்.

நம் ஆட்களுக்குள் ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதி வைக்காத சட்டம். சொந்தக்காரர் இருக்கிற ஊர்ப்பக்கம் போனால் அவர் வீட்டில் கால் வைக்காமல் வரக் கூடாது. ஹோட்டலில் தங்கிவிட்டு வந்தது பிறகு தெரிந்தால் பத்து வருடத்துக்குப் பேச்சு நிற்காது. அமெரிக்காவுக்கு வந்தபின் இந்தச் சட்டத்தின் எல்லை விரிந்துவிட்டது. ஊர் என்பது மாநிலமாகிவிட்டது. ஆக, கொலராடோவுக்குப் போவதென்றால் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணனோடு நான் பேசி இரண்டரை வருடம் ஆகியிருந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது முதலில் இறங்கியதே அவர் வீட்டில்தான். மூன்று மாதம் அவர் வீட்டு பேஸ்மென்டில் இருந்தேன். எனக்குக் குளிர் கோட்டு வாங்கிக் கொடுத்தது அண்ணி. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன். காலியான பார்க்கிங் லாட்டில், பனி பெய்த மறுநாள், வேண்டுமென்றே. வழுக்கும்போது ஓட்டப் பழகியவன் எங்கேயும் ஓட்டுவான் என்பார். கலிபோர்னியாவில் வேலை கிடைத்து நான் கிளம்பியபோது, மூன்று நாளைக்கான சாப்பாட்டைக் கட்டிக் காரில் வைத்ததும் அவர்தான்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் அப்பா போய்விட்டார். அப்போது என் கிரீன் கார்டு மனு கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்த நிலையில் நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப, முன்கூட்டியே ஒரு அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். நான் மனுப் போட்டிருந்தேன், கடிதம் வரவில்லை. அது இல்லாமல் விமானம் ஏறினால் ஐந்து வருடக் காத்திருப்பும் செல்லாமல் போகும். விசாவும் முடியப்போகிறது, என் வேலையும் போய்விடும், அவள் வேலையும் போய்விடும். வக்கீல் போனில் இதை மூன்று முறை சொன்னார். நான் போகவில்லை. அண்ணன் அப்போதே சிட்டிசன். அன்றைக்கே கிளம்பிப் போய்க் கொள்ளி வைத்தார்.

பவானி கூடுதுறையில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்து எங்கள் ஊர் கோபியிலிருந்து எனக்குப் போன் செய்தார். நான் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அனுமதிக் கடிதம், வக்கீல், அது இது என்று.

"நீ அந்தக் கார்டையே கட்டிக்கிட்டு அழு," என்றார்.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. சிட்டிசன் ஆனபிறகு எதை வேண்டுமானாலும் சுலபமாகப் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவ்வளவுதான் சண்டை. மொத்தம் இரண்டு வாக்கியம். அம்மா இருந்திருந்தால் ஒரே போனில் இருவரையும் திட்டிச் சேர்த்து வைத்திருப்பார். அவர் அப்பாவுக்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அண்ணியும் என் மனைவியும் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு சாம்பார்ப் பொடிக்குத் தாவிவிடும். மறுவருடம் கிரீன் கார்டு வந்தது. நான் தனியாக ஊருக்குப் போய், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

ஆகவே கொலராடோ வேண்டாம். ஆனால் அண்ணன் இருப்பதால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த வழியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆபீஸில் எந்தச் சாமானை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்ய ஓர் அட்டவணை போடுவோம். ஒவ்வொரு தகுதிக்கும் இத்தனை மார்க், எந்தத் தகுதி முக்கியமோ அதற்குக் கூடுதல் எடை, கடைசியில் கூட்டினால் முதல் ஆள் யார் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மலைக்கும் அப்படி ஒன்று போட்டேன். உயரம், பாதைகள், காரில் எத்தனை மணி நேரம், அறையில் சமையல் வசதி, கூட்டம்.

கூட்டிப் பார்த்தால் கொலராடோ முதலில் வந்தது. கார்ப் பயணத்துக்கு எடையைக் கூட்டினேன். அப்போதும் கொலராடோ. உயரம் உடம்புக்கு ஆகாது என்று உயரத்துக்கு மார்க்கைத் திருப்பிப் போட்டேன். இரண்டு மார்க் வித்தியாசத்தில் மறுபடியும் கொலராடோ. கடைசியாக இன்னொரு தகுதியைச் சேர்த்தேன்: சொந்தக்காரர் தொல்லை. லீவு என்றால் நிம்மதி வேண்டாமா, போன இடத்தில் வீடு வீடாகப் போய்க் காபி குடித்துக்கொண்டிருக்க முடியுமா என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். ஐடஹோ முதலில் வந்தது. பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் அவள் பார்க்கும்படி வைத்தேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். அவளும் சாஃப்ட்வேரில்தான் இருந்தாள். மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதே அவள் வேலை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க, இந்தக் கடைசி வரிசைல கொலராடோவுக்கு மட்டும் மைனஸ் போட்டிருக்கீங்க. யூட்டாவுல எங்க சித்தி பொண்ணு இருக்காளே, சால்ட் லேக்ல. அவளுக்கு ஏன் ஸீரோ?"

அவள் சித்தி பெண் சால்ட் லேக் சிட்டியில் இருப்பதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். அட்டவணை போடும்போது என் மனதில் இருந்த சொந்தக்காரர் ஒரே ஒருவர்தான்.

அவள் அந்தத் தாளை மடித்து என் பக்கமாக நகர்த்தினாள். "இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்? அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டேன்னு நேரா சொல்லிருங்க. நாம ஐடஹோவே போலாம்."

சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில், கொலராடோவுக்கே போவோம் என்றேன். ஆனால் மேற்குப் பக்கமாக. வரைபடத்தை எடுத்துவந்து காட்டினேன். கலிபோர்னியாவிலிருந்து நெவாடா, யூட்டா தாண்டிப் போனால் கொலராடோவின் மேற்கு ஓரத்தில் கிராண்ட் ஜங்ஷன். அங்கிருந்து தெற்கே இறங்கி கன்னிசன், அப்புறம் வடக்கே ஏறினால் கிரெஸ்டட் பியூட். டென்வர் அதற்கும் கிழக்கே நான்கு மணி நேரம். டென்வரைத் தொடவே வேண்டாம். தொடாத ஊருக்கு எதற்குச் சட்டம்? அவள் வரைபடத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பரிமாறினாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு வாரம் நான் அந்த வழியை யாரும் கேட்காமலே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். கோயில் அங்கிளிடம்கூடச் சொன்னேன். டென்வரில் உங்கள் அண்ணன் இருக்கிறாரே, பார்க்காமலா வருவீர்கள் என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். வழியில் இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். வழியில் இல்லை என்பது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்கே கேட்டது. ஆனாலும் மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை. முதலில் பேசியது அவர்தானே, முதலில் இறங்கி வர வேண்டியதும் அவர்தானே என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை தபாலில் ஒரு பெரிய கவர் வந்தது. எங்கள் இருவர் பெயரும் எழுதியிருந்தது. அண்ணன் கையெழுத்து. வீட்டுக்குள் போகாமல் தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று பிரித்தேன்.

உள்ளே ஒரு கொலராடோ வரைபடம். கிரெஸ்டட் பியூட் சைக்கிள் பாதைகளுக்கென்று தனியாக ஒரு வரைபடம். டென்வரில் எங்கேயோ சைக்கிள் கடையில் வாங்கியிருக்கிறார், ரசீது அதிலேயே இருந்தது. அவர் அமெரிக்கா வந்தபின் சைக்கிளில் ஏறியே பார்த்ததில்லை. கூடவே ஒரு மஞ்சள் தாள். அன்புள்ள என்ற சொல் அதில் இல்லை. சுகமா என்று கேட்கவில்லை. நம்பர் போட்டு எழுதியிருந்தார்.

முதல் இரண்டு நாள் சைக்கிளைத் தொட வேண்டாம், உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கவும். கிராண்ட் ஜங்ஷனிலேயே டாங்கை நிரப்பிக்கொள்ளவும். மதியம் இடி இடிக்கும், இரண்டு மணிக்குள் மலையிலிருந்து இறங்கிவிடவும். கன்னிசனில் பெரிய மளிகைக் கடை இருக்கிறது, தயிர் அங்கேயே வாங்கவும். இரண்டு மோட்டலுக்குப் போன் செய்து கேட்டேன், ஒன்றில் அறையில் சமைக்க விடுகிறார்கள், நம்பர் கீழே. அந்த உயரத்தில் ரைஸ் குக்கரில் சோறு வேகாது, பிரஷர் குக்கர் எடுத்து வரவும், இரண்டு விசில் கூடுதலாக விடவும்.

எங்கள் திட்டம் ஞாயிற்றுக்கிழமைப் போனில் அண்ணிக்குப் போய், அண்ணியிடமிருந்து அவருக்குப் போயிருக்கிறது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. என்னை உலுக்கியது வரைபடம்தான். மஞ்சள் மையால் அவர் வழியைத் தீட்டியிருந்தார். கிராண்ட் ஜங்ஷன், கன்னிசன், கிரெஸ்டட் பியூட். நான் மேஜையில் வைத்து அவளுக்குக் காட்டிய அதே வழி. டென்வர் இருக்கிற கிழக்குப் பாதியை மட்டும் ஒழுங்காகப் பின்பக்கம் மடித்து, பிரியாமல் இருக்க ஒரு க்ளிப் போட்டிருந்தார்.

க்ளிப்பை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். டென்வரில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கொலராடோவுக்குள் வந்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தன் வீட்டைத் தொடாத வழியைத் தன் கையாலேயே தீட்டி, அந்த வழியில் எனக்குச் சோறு வேகுமா என்று கவலைப்பட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைக்கத் தனியாக நின்றவர் அவர். அருகில் நிற்க ஒரு தம்பி இருந்தும் இல்லாமல் நின்றவர். அன்றைக்கு அவர் சொன்ன வாக்கியத்தை இரண்டரை வருடம் எண்ணி எண்ணிப் பார்த்தேனே தவிர, அதைச் சொன்ன ஆள் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

உள்ளே போய்க் கவரை மேஜையில் வைத்தேன். அவள் மஞ்சள் தாளை முழுக்கப் படித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது, "விசில் கணக்கு அக்கா சொல்லிருப்பாங்க," என்று அண்ணியைக் குறித்து மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு. வழக்கமாக அவள் போன் செய்கிற நேரத்துக்கு நான் போன் செய்தேன். அண்ணியே எடுப்பார், எடுத்ததும் அண்ணனிடம் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும், அதற்குள் மனதைத் தயார் செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவரே எடுத்தார்.

"அண்ணா, நான்தான்," என்றேன்.

"ம். மேப் வந்துச்சா?"

நேற்று பேசிவிட்டு இன்று பேசுகிற மாதிரி கேட்டார். வந்துச்சுங்ணா என்றேன். ஃபர்ஸ்ட் ரெண்டு நாள் ரெஸ்ட் எடு, அப்புறம் தலைவலி வந்தா கீழ இறங்கிரு என்றார். சரிங்ணா என்றேன். தாளில் எழுதியிருந்ததையே ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சரிங்ணா சொன்னேன். அப்பாவைப் பற்றி, அந்தக் கடிதத்தைப் பற்றி, நான் போனை வைத்ததைப் பற்றி என்று வரிசையாகச் சொல்ல முந்தின நாள் முழுக்கத் தயார் செய்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை.

"ணா, நாங்க டென்வர் வழியா வர்றோம்."

"டென்வர் வழியா எதுக்கு? உனக்கு அது சுத்துடா. போக வர எட்டு மணி நேரம் எக்ஸ்ட்ரா டிரைவ் பண்ணணும்."

"தெரியும்ங்ணா."

"இரு, அண்ணிகிட்டக் குடுக்கறேன்."

அண்ணி வருவதற்குச் சற்று நேரமாயிற்று. "என்ன தம்பி சொன்னீங்க? போனைக் கையில திணிச்சுட்டு கராஜுக்குள்ள போயிட்டாரு. இருக்கற சாமானையெல்லாம் இழுத்து வெளிய போடறாரு. கேட்டா, உங்க சைக்கிள் ரெண்டையும் நிறுத்த எடம் வேணுமாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க வர இன்னும் ஒரு மாசம் இருக்குதில்ல?" என்று கேட்டார்.

இருக்கிறது அண்ணி என்றேன். பக்கத்தில் நின்றிருந்த மனைவியிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.